ஹாஸ்டலில் முதல் வருஷம்: பழக விடுங்கப்பா!

“எங்களையும்தான் சீனியர் கூப்பிட்டு வெச்சு கலாய்ச்சாங்க. இப்ப பாரு, அவங்கதான் எங்களுக்கு உசிரு. ராகிங் இல்லேன்னா ஹாஸ்டல்ல ஒருத்தன் மூஞ்சி ஒருத்தனுக்குத் தெரியாது மச்சி!”

எந்தக் கல்லூரி வாசல் டீக்கடையில் போய் நின்றாலும் பத்து நிமிஷத்துக்குள் இந்த வசனம் காதில் விழும். வார்டனைக் கேட்டால் வேறு வசனம். “இங்க ராகிங்கே கிடையாது சார், ஃபர்ஸ்ட் இயருக்குத் தனி பிளாக், ஆறு மணிக்கு கேட் பூட்டிடுவோம்.” பெற்றோரைக் கேட்டால் மூன்றாவது வசனம். “போகப் போக தானா பழகிப்பான்.”

மூன்றுமே தப்பு. முதலாவது கொடுமை, இரண்டாவது சோம்பேறித்தனம், மூன்றாவது மூடநம்பிக்கை. இந்த மூன்றுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பவன்தான் முதலாண்டு மாணவன்.

அவனை எல்லா விடுதியிலும் பார்க்கலாம். பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து கோயம்புத்தூருக்கு பி.காம் படிக்க வந்திருப்பான். வீட்டில் தனியாகப் படுத்துப் பழக்கமே இருக்காது. பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். அறையில் இருக்கும் மற்ற இருவரும் ஒரே பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவர்கள். அவர்களுக்குள் ஏற்கெனவே ஆயிரம் கதை உண்டு, இவனுக்கு அதில் ஒன்றும் புரியாது. காலையில் பக்கெட்டோடு பாத்ரூம் வரிசையில் நிற்பான். மெஸ்ஸில் கூட்டம் குறைந்த பிறகு போய்ச் சாப்பிடுவான், ஏனென்றால் கூட்டமாக இருக்கும்போது எந்த டேபிளில் உட்காருவது என்று தெரியாது. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடு முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு சிங்காநல்லூர் பேருந்து நிலையத்துக்கு ஓடுவான். ஞாயிறு ராத்திரி திரும்பி வருவான். தீபாவளி லீவுக்குப் போனவன் ஒருநாள் அப்பாவோடு வந்து டி.சி. வாங்கிக்கொண்டு போவான். “அவனுக்குப் படிப்பு ஏறல” என்று சொல்லி ஃபைலை மூடிவிடுவார்கள். அவனுக்கு ஏறாதது படிப்பா, விடுதியா என்று ஒருத்தரும் கேட்பதில்லை.

பணக்கஷ்டம், பாடக்கஷ்டம் எல்லாம் நிஜம்தான். ஆனால் பாடம் புரியவில்லை என்றால் பக்கத்து அறைக்குப் போய்க் கேட்கலாம், பக்கத்து அறையில் தெரிந்தவன் இருந்தால். ஃபீஸ் கட்டக் கடைசி நாள் என்றால் யாரிடமாவது கடன் கேட்கலாம், கேட்கிற அளவுக்கு யாராவது இருந்தால். காய்ச்சல் வந்தால் கஞ்சி வாங்கிக் கொடுக்க ஒருத்தன் வேண்டும். நண்பன் என்பது விடுதியில் பொழுதுபோக்கு இல்லை, அடிப்படை வசதி. தண்ணீர், கரண்டு மாதிரி. அதைக் கொடுக்காமல் கட்டில் மட்டும் கொடுத்துவிட்டு ஹாஸ்டல் ஃபீஸ் வாங்குவது என்ன நியாயம்?

முதலில் அந்த டீக்கடை வசனத்தைப் பார்ப்போம்.

“ராகிங்தான் நெருக்கத்தை உண்டாக்கும்” என்பதற்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய ஒரு நிஜமான ஆராய்ச்சியே இருக்கிறது. 1959இல் எலியட் ஆரன்சன், ஜட்சன் மில்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் செய்தது. ஒரு கலந்துரையாடல் குழுவில் சேர வந்த கல்லூரி மாணவிகளில் சிலருக்குச் சேருவதற்கு முன்னால் மிகவும் கூச்சப்பட வைக்கிற ஒரு சோதனை வைத்தார்கள், சிலருக்கு லேசான சோதனை, சிலருக்கு ஒன்றுமே இல்லை. பிறகு எல்லாருக்கும் ஒரே கலந்துரையாடலைக் கேட்கப் போட்டார்கள். கடுமையான சோதனையைத் தாண்டி வந்தவர்கள்தான் அந்தக் குழு ரொம்ப நன்றாக இருக்கிறது என்று அதிக மார்க் போட்டார்கள்.

ஆகா, பார்த்தீர்களா என்று சீனியர்கள் துள்ளவேண்டாம். விஷயத்தின் மீதியும் இருக்கிறது. அந்தக் கலந்துரையாடல் வேண்டுமென்றே சலிப்பூட்டும்படி தயாரிக்கப்பட்டது. கேட்டால் தூக்கம் வரவேண்டும், அப்படி. இவ்வளவு அவமானப்பட்டு உள்ளே வந்தோமே, அது வீண் என்று ஒப்புக்கொள்ள மனசு வராமல், “இல்லை இல்லை, இது அருமையான குழு” என்று அவர்கள் தங்களையே சமாதானப்படுத்திக்கொண்டார்கள். அந்த ஆராய்ச்சி சொல்வது இவ்வளவுதான்: அடிபட்டவன் அடித்தவனைப் புகழ்ந்தால் அது நட்புக்குச் சாட்சி இல்லை, அவமானத்தை விழுங்கியதற்குச் சாட்சி. “அவங்கதான் எங்களுக்கு உசிரு” என்கிற வசனம் எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரிகிறதா?

இன்னொரு வாதமும் உண்டு. “நாங்க பட்டோம், அவங்களும் படட்டும்.” காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த கணக்கு. போன வருஷ நட்டத்தை இந்த வருஷ ஏட்டுக்குக் கொண்டுவருவது. ஆனால் வருமான வரிச் சட்டம்கூட வியாபார நட்டத்தை எட்டு வருஷத்துக்கு மேல் சுமக்க விடாது. விடுதிகளிலோ எந்த வருஷத்து சீனியர் எந்த வருஷத்து ஜூனியருக்குப் போட்ட அடியோ, தலைமுறை தலைமுறையாக “கேரி ஃபார்வர்ட்” ஆகிக்கொண்டே இருக்கிறது. ஏதாவது ஒரு பேட்ச் “இந்த நட்டம் எங்களோடு போகட்டும்” என்று ஏட்டை மூடினால்தான் உண்டு. அந்த பேட்ச்தான் உண்மையில் கெத்தான பேட்ச்.

இது சும்மா விளையாட்டு என்பவர்களுக்குத் தமிழ்நாடு மறக்கக்கூடாத ஒரு பெயர் இருக்கிறது. பொன். நாவரசு. அப்போதைய சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் மகன். சிதம்பரத்தில் மருத்துவம் முதலாண்டு படித்துக்கொண்டிருந்தபோது 1996 நவம்பரில் ஒரு சீனியர் மாணவரால் கொல்லப்பட்டார். துணைவேந்தர் வீட்டுப் பிள்ளைக்கே அந்த நிலைமை என்றால், பட்டுக்கோட்டைப் பையனுக்கு என்ன பாதுகாப்பு? அதன் பிறகுதான் 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். அந்தக் கொலை வழக்கு கடலூரில் தண்டனை, உயர் நீதிமன்றத்தில் விடுதலை என்று இழுபட்டு, 2011இல்தான் உச்ச நீதிமன்றத்தில் ஆயுள் தண்டனை உறுதியானது. பதினைந்து வருஷம்!

இலங்கையிலும் கிட்டத்தட்ட அதே காலம், அதே கதை. 1997இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கப் போன வரப்பிரகாஷ் என்ற தமிழ் மாணவர் சீனியர்களின் கொடுமையால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு இறந்தார். அடுத்த வருஷம் அங்கேயும் சட்டம் வந்தது. ஈழத்தமிழில் ராகிங்குக்கு ஒரு சொல் இருக்கிறது: பகிடிவதை. பகிடி என்றால் கேலி, விளையாட்டு. வதை என்றால் வதைதான். இரண்டும் ஒட்டிக்கொண்டே வரும், விளையாட்டு எங்கே முடிந்து வதை எங்கே ஆரம்பித்தது என்று விளையாடுகிறவனுக்குத் தெரியாது என்பதை அந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது. “சும்மா இன்ட்ரோ கேட்டோம் சார்” என்று சொல்கிற எல்லாரும் அந்தச் சொல்லை ஒருமுறை நிதானமாக உச்சரித்துப் பார்க்கலாம்.

2009இல் இமாச்சலப் பிரதேசத்தில் அமன் கச்ரூ. 2023 ஆகஸ்டில் கொல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழக விடுதியில், வந்து சில நாளே ஆன முதலாண்டு மாணவர் ஒருவர் மாடியிலிருந்து விழுந்து இறந்தார். பழக்கம் வளர்க்கிறோம் என்று சொல்லித்தான் ஒவ்வொரு இடத்திலும் ஆரம்பித்திருக்கிறார்கள்.

சரி, ராகிங் பிரியர்களை விட்டுவிடுவோம். இப்போது பூட்டுப் பிரியர்கள்.

அமன் கச்ரூ இறந்த பிறகு 2009இல் பல்கலைக்கழக மானியக்குழு, அதாவது யு.ஜி.சி., ராகிங் ஒழிப்பு ஒழுங்குமுறைகளைக் கொண்டுவந்தது. அதைப் படித்த கல்லூரிகள் எல்லாம் அதிலிருந்து ரொம்பச் சுலபமான நாலு வரியை மட்டும் எடுத்துக்கொண்டன. முதலாண்டுக்குத் தனி பிளாக், மாணவரும் பெற்றோரும் கையெழுத்துப் போட்ட உறுதிமொழிப் பத்திரம், சுவரில் ஒரு போர்டு, போர்டில் 1800-180-5522 என்ற எண். முடிந்தது கடமை.

அதே ஒழுங்குமுறையில் இன்னும் என்னென்ன இருக்கிறது தெரியுமா? ஆறு முதலாண்டு மாணவருக்கு ஒரு சீனியர் வழிகாட்டி வேண்டும் என்று இருக்கிறது. அந்த சீனியர்களில் ஆறு பேருக்கு ஒருவர் என்று இன்னும் மேல் வகுப்பு மாணவர் வேண்டும் என்றும் இருக்கிறது. முதலாண்டு மாணவர்களைச் சின்னச் சின்னக் குழுவாகப் பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் ஆசிரியர், அவர் தினமும் அவர்களிடம் தனித்தனியாகப் பேசவேண்டும் என்று இருக்கிறது. ஆசிரியர்களும் சீனியர்களும் சேர்ந்து ஒவ்வொரு துறையிலும் வரவேற்பு நிகழ்ச்சி நடத்தவேண்டும், முடிந்தால் முதல் இரண்டு வாரத்துக்குள், என்று இருக்கிறது. அதாவது சட்டம் எழுதினவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. சீனியரைப் பிரித்து வைத்தால் மட்டும் போதாது, சரியான முறையில் சேர்த்தும் வைக்கவேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். கல்லூரிகள் பிரிப்பதை மட்டும் செய்துவிட்டுச் சேர்ப்பதை விட்டுவிட்டன. ஏன்? பூட்டு வாங்க இருநூறு ரூபாய். சேர்த்து வைக்க மனுஷன் வேண்டும்.

விளைவு என்ன? முதலாண்டு பிளாக்கில் இருநூறு பேர் இருக்கிறார்கள், எந்த ஸ்டோரில் நோட்டு மலிவு, எந்த வாத்தியார் அட்டெண்டன்ஸில் கறார், ஸ்காலர்ஷிப் ஃபாரம் எந்த மேஜையில் வாங்கவேண்டும் என்று சொல்ல அங்கே ஒரே ஒரு ஆள்கூடக் கிடையாது. இருநூறு குருடர்களை ஒரே அறையில் விட்டு வழி கண்டுபிடிக்கச் சொன்ன கதை. பூட்டு சீனியரின் கையைத் தடுக்கிறது, சரி. சீனியரின் வாயையும் சேர்த்துத் தடுத்துவிடுகிறதே?

பெண்கள் விடுதியில் இது இன்னும் மோசம். பல இடங்களில் ஆண்கள் விடுதிக்கு ராத்திரி ஒன்பது மணி, பெண்கள் விடுதிக்கு மாலை ஆறு மணி. லைப்ரரி, விளையாட்டு, தமிழ் மன்றம், நாடகப் பயிற்சி எல்லாம் நடப்பது ஐந்து மணிக்கு மேல்தான். பழக்கம் உண்டாகிற நேரம் பார்த்துக் கதவைச் சாத்திவிட்டு “எங்க பொண்ணுங்க ரொம்ப அடக்கம்” என்று பெருமைப்படுவதில் என்ன இருக்கிறது? பாதுகாப்பைக் காரணம் காட்டி ஆண் மாணவர்களுக்கு இல்லாத பாரபட்சமான விதியைப் பெண்கள் விடுதியில் வைக்கக்கூடாது என்று யு.ஜி.சி.யின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குமுறையே சொல்கிறது. டெல்லி மாணவிகள் ‘பிஞ்ஜ்ரா தோட்’, அதாவது ‘கூண்டை உடை’ என்று இயக்கம் தொடங்கியதும் அதே 2015இல்தான். இன்னமும் ஆறு மணிக்கு மணி அடித்துக்கொண்டிருந்தால் எப்படி?

அடுத்து, “தானா பழகிப்பான்” கோஷ்டி.

தானாக எதுவும் நடப்பதில்லை. 1950இல் வெளிவந்த ஒரு புகழ்பெற்ற ஆய்வு உண்டு. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் மாணவர் குடியிருப்பில் யார் யாருக்கு நண்பர் என்று லியோன் ஃபெஸ்டிங்கரும் அவருடைய சகாக்களும் கணக்கெடுத்தார்கள். ரசனை, குணம், படிப்பு எதையும்விடக் கதவுக்கும் கதவுக்கும் உள்ள தூரம்தான் நட்பைத் தீர்மானித்தது. பக்கத்து வீட்டுக்காரர் நண்பரானார். நாலு வீடு தள்ளி இருந்தவர் ஆகவில்லை. எல்லாரும் ஏறி இறங்கும் மாடிப்படிக்குப் பக்கத்தில் குடியிருந்தவருக்கு மற்ற மாடிக்காரர்களும் பழக்கமானார்கள்.

இதன் அர்த்தம் என்ன? ஜூன் மாசம் ஹாஸ்டல் கிளார்க் ரூம் அலாட்மெண்ட் லிஸ்ட் டைப் அடிக்கிறாரே, அப்போது அவர் நூற்றுக்கணக்கான பேருடைய நட்பை டைப் அடிக்கிறார். அவருக்கே அது தெரியாது. அவர் என்ன செய்கிறார்? ஒரே பள்ளிக்காரர்கள் கேட்டால் ஒன்றாகப் போடுகிறார். ஒரே ஊர்க்காரர்களை ஒன்றாகப் போடுகிறார். ஏ.சி. அறைக்குப் பணம் கட்டியவர்கள் ஒரு மாடி, கட்டாதவர்கள் இன்னொரு மாடி. சில இடங்களில் சொல்லாமலே சாதி பார்த்தும் பிரிந்துவிடுகிறது. 2007இல் தோரட் குழு டெல்லி எய்ம்ஸைப் பற்றிக் கொடுத்த அறிக்கையில், தொல்லை தாங்காமல் தலித், பழங்குடி மாணவர்கள் விடுதியின் மேல்மாடிகளுக்கு ஒதுங்கிப் போனதைப் பதிவு செய்தது. நாட்டின் முதல்தரமான மருத்துவக் கல்லூரியில் நடந்தது இது. “தானா பழகிப்பாங்க” என்று விட்டுவிட்டால், ஏற்கெனவே பழகினவனோடுதான் பழகுவான். தன்னைப் போல இருக்கிறவனோடுதான் சேருவான். தனியாக வந்தவன் தனியாகவே போவான்.

சரி, குறை சொல்வது சுலபம், என்னதான் செய்யவேண்டும் என்று கேட்பவர்களுக்காக. இதில் ஒன்றுகூட ராக்கெட் விஞ்ஞானம் கிடையாது.

1. அறை ஒதுக்கீடு சீட்டுக் குலுக்கலில் நடக்கட்டும். ஒரே பள்ளி, ஒரே ஊர், ஒரே துறை என்று மூன்று பேரும் ஓர் அறையில் வராதபடி பார்த்துக்கொண்டால் போதும். உடம்பு சரியில்லாதவர், மாற்றுத்திறனாளி மாதிரியான காரணங்களுக்கு மட்டும் விலக்கு.

2. ஆறுக்கு ஒன்று என்ற சீனியர் வழிகாட்டியை நிஜமாகவே போடவேண்டும். யார் வேண்டுமானாலும் இல்லை. விருப்பப்பட்டு வந்தவர்களில் போன வருஷ ஜூனியர்கள் “இவர் நல்லவர்” என்று சொல்பவர்கள் மட்டும். இவர்கள் பகலில், மெஸ்ஸிலோ மைதானத்திலோ, நாலு பேர் பார்க்கிற இடத்தில்தான் சந்திக்கவேண்டும். ராத்திரி ரூமுக்குக் கூப்பிடுகிற பேச்சே கூடாது.

3. பேசச் சொல்லாதீர்கள், வேலை கொடுங்கள். “எல்லாரும் எழுந்து நின்று உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள்” என்றால் கூச்சக்காரன் செத்துவிடுவான். அதே பையனிடம் ஞாயிற்றுக்கிழமை சிக்கனுக்கு வெங்காயம் எடை போட்டு வாங்கச் சொன்னால் கூட வருகிறவனிடம் பேசியே ஆகவேண்டும். பல விடுதிகளில் மெஸ் ‘டிவைடிங் சிஸ்டம்’. மாசச் செலவைச் சாப்பிட்ட நாள்களால் வகுத்து ஆளுக்கு இவ்வளவு என்று பில் போடுவது. அந்த மெஸ் கமிட்டியில் முதலாண்டுக்கும் இடம் வேண்டும். ஸ்டோர் ரூம் இருப்பு பார்ப்பது, காய்கறி பில் சரிபார்ப்பது, மாசக் கடைசியில் கணக்கு முடிப்பது. பி.காம் பையனுக்கு இதைவிட நல்ல அக்கவுண்ட்ஸ் பாடமும் கிடையாது, இதைவிடச் சீக்கிரம் பத்துப் பேரைத் தெரிந்துகொள்ள வழியும் கிடையாது. சமையல் மாஸ்டரையும் சேர்த்துச் சொன்னால் பதினோரு பேர் :-)

4. முதல் இரண்டு மாசத்துக்காவது சனி, ஞாயிறில் விடுதியில் ஏதாவது நடக்கவேண்டும். பெரிய விழா வேண்டாம். கேரம் போட்டி, பக்கத்து ஊர் வரை ஒரு நடை, பழைய படம் ஒன்று. வெள்ளிக்கிழமை பஸ் ஏறுகிறவனை நிறுத்துவது அட்டெண்டன்ஸ் நோட்டு இல்லை, “நாளைக்கு செமிஃபைனல் இருக்குடா, போயிடாதே” என்று ஒருத்தன் சொல்வதுதான்.

5. மூன்று வாரம் தொடர்ந்து ஒரு பையன் தனியாகவே சாப்பிட்டால், எல்லா வாரமும் ஊருக்கு ஓடினால், அதைக் கவனிக்க ஒரு ஆள் வேண்டும். வார்டனுக்கு முடியாது என்றால் மெஸ்ஸில் பரிமாறுகிற அண்ணனைக் கேளுங்கள். யார் தனியாக உட்காருகிறான் என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது.

“இதுக்கெல்லாம் ஃபண்ட் இல்லை” என்பார்கள். கணக்குப் போட்டே பார்க்கலாம். நூற்று இருபது முதலாண்டு மாணவர்கள், இருபது சீனியர் வழிகாட்டிகள், ஆக இருபது குழு. வாரம் ஒருமுறை ஏழு பேருக்கும் டீ, வடை, ஆளுக்கு 30 ரூபாய் என்றால் குழுவுக்கு 210. இருபது குழுவுக்கு 4,200. எட்டு வாரத்துக்கு 33,600. ஒரு முதலாண்டு மாணவனுக்கு 280 ரூபாய். ஃபிரெஷர்ஸ் டே அன்று டி.ஜே., லைட் செட், சிறப்பு விருந்தினருக்கு சால்வை, சந்தன மாலை என்று ஒரே ராத்திரியில் கொட்டுகிறார்களே, அதில் ஒரு பங்குதான் இது. அந்த ராத்திரியில் ஆடுகிறவன் ஏற்கெனவே நாலு நண்பன் உள்ளவன். இல்லாதவன் கடைசி வரிசையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

இன்னொரு நியாயமான ஆட்சேபம் இருக்கிறது. “சிலருக்குத் தனியாக இருக்கத்தான் பிடிக்கும், எல்லாரையும் ஏன் கும்பலில் தள்ளுகிறீர்கள்?” உண்மை. தனிமையை விரும்பி எடுத்துக்கொள்கிறவனை யாரும் தொந்தரவு செய்யவேண்டாம். கேரம் ஆட வரவில்லை என்றால் விட்டுவிடலாம். வரவில்லை என்பதற்காகக் கிண்டல் செய்தால் அதுவும் ராகிங்தான். ஆனால் கதவைச் சாத்திக்கொள்வது ஒன்று, தட்டுவதற்குக் கதவே இல்லாமல் இருப்பது வேறு. முதல் ஆளுக்கு மரியாதை கொடுக்கவேண்டும் என்று சொல்லி இரண்டாவது ஆளைக் கைவிடுவது நியாயமில்லை. “வர்றியா?” என்று கேட்டால்தானே “வரல” என்று சொல்லும் உரிமையே அவனுக்கு வருகிறது?

சீனியர்களுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. ஜூனியரிடம் சல்யூட் வாங்கி, ரெக்கார்ட் நோட்டு எழுத வைத்து, முழுக்கைச் சட்டை போட வைத்து வாங்குகிற மரியாதை கான்வொகேஷன் அன்றைக்கே காலாவதி. முதல் வாரத்தில் மெஸ்ஸில் தட்டோடு திரு திருவென்று முழித்தவனைப் பார்த்து “தம்பி, இங்க வந்து உட்காரு” என்று சொன்ன ஒருத்தனை அவன் கல்யாணப் பத்திரிகை வைக்கிற காலத்திலும் மறக்கமாட்டான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தப் பையன் பையோடு கேட்டைத் தாண்டிக்கொண்டிருக்கிறான். அவனை நிறுத்தச் சட்டம் வேண்டாம், சர்க்குலர் வேண்டாம். பேர் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள் போதும். அந்த விடுதியில் அவன் பேர் எத்தனை பேருக்குத் தெரியும் என்பதுதான் கேள்வி.